கசிவு

லோகநாதன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கடன் கொடுக்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டார்.

பெரிய பெருமை ஒன்றுமில்லை. கரூர்ப் பக்கம் எந்த அப்பனும் பேசுகிற பெருமைதான். “எம்புள்ள மொத மாசச் சம்பளத்த எங்கையிலதானுங்க குடுக்கும். கடசி வரைக்கும் என்னயக் கண்கலங்காமப் பாத்துக்குமுங்க.” பழைய காலத்து பேங்க் மேனேஜராக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு, நல்ல குடும்பம் என்று மனதுக்குள் ஒரு மார்க் போட்டிருப்பார். ஏற்றம் கல்வி நிதியின் கண்ணாடிக் கட்டடத்தில் அந்த வகை மேனேஜர்கள் யாரும் இல்லை. ஷர்மிளா என்று ஓர் இளம்பெண் இருந்தாள். மேசைமேல் ஒரு பலகை இருந்தது.

பலகை என்று ஊரில் சொன்னார்களே தவிர, அது இரண்டு உள்ளங்கையை வைக்கிற அளவுக்கு ஓர் உலோகத் தட்டு, அவ்வளவுதான். கை வைத்துப் பேசினால், பேசியது உண்மையானால் பச்சை எரியும், பொய்யானால் சிவப்பு. அது தப்பாகச் சொன்னதாக இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஜாமீன் கையெழுத்து, சொத்துப் பத்திரம் எல்லாவற்றையும் கடன் கம்பெனிகள் தூக்கிக் கடாசிவிட்டு இந்தத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டன.

லோகநாதனின் மகள் பிரணிதா அதில் கை வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல்.

“வேலைக்குப் போனதும் அப்பாவுக்குப் பணம் கொடுப்பீங்களா?” என்று ஷர்மிளா கேட்டாள்.

“குடுப்பனுங்க. இதெல்லாம் ஒரு கேள்விங்களா?”

பச்சை.

“அவருக்கு உடம்பு முடியாமப் போனா வேலையை விட்டுட்டு வருவீங்களா?”

“அப்பாவுக்கு என்னய விட்டா ஆளில்லீங்க. வந்துருவன்.”

பச்சை. பளிச்சென்ற பச்சை. லோகநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பச்சை எரிந்தால் பாஸ் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். பக்கத்து நாற்காலியில் யாராவது இருந்திருந்தால் தொடையைத் தட்டிச் சொல்லியிருப்பார்.

ஷர்மிளா திரையைப் பார்த்துவிட்டு, “கடன் வராது சார்” என்றாள்.

“ஏனுங்க, பச்சைதானுங்களே எரிஞ்சுது?”

“அதுதான் சார் பிரச்சினை. உண்மையைச் சொல்லிட்டாங்க.” அவள் நல்ல பெண்தான். பொறுமையாக விளக்கினாள். “கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு முடிக்க எழுபது லட்சம் ஆகுது. உங்க பொண்ணு எவ்வளவு சம்பாதிப்பாங்கன்னு எங்களால கிட்டத்தட்ட ரூபா சுத்தமா சொல்ல முடியும். நல்லாவே சம்பாதிப்பாங்க. ஆனா அதுல கசிவைக் கழிக்கணும். கழிச்ச பிறகு கடனைப் போல ஒன்றரை மடங்கு மிஞ்சணும். மிஞ்சலை.”

“கசிவுன்னா என்னுங்க?”

“நீங்கதான் சார்.”

லோகநாதன் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“உங்களுக்கு சர்க்கரை. வலது கால்ல ஆறாத புண்ணு. கொசுவலைக் கம்பெனியில இன்னும் எத்தனை நாள் நிப்பீங்கன்னு எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தவணையை நாங்க சம்பளத்துல முதல்லயே எடுத்துக்குவோம், அது பெரிசில்லை. அப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னு ஓடி வந்து வேலையை விட்டுடறாங்க பாருங்க, அதைத்தான் எங்களால தாங்க முடியலை. போன வருஷம் ஒரு பொண்ணு, பெங்களூர்ல நல்ல வேலை. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சதுன்னு வந்தவங்க திரும்பவே இல்லை. எங்க பணம் மொத்தமும் அந்த அம்மா கட்டில்லயே முடிஞ்சுபோச்சு.”

பிரணிதா பலகையிலிருந்து கையை எடுத்துச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

“தேர்வு முடிஞ்சப்புறம் இன்னொரு தடவை வரலாம். அதான் கடைசி வாய்ப்பு” என்றாள் ஷர்மிளா. அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

கடன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கரூரில் குழந்தைக்கும் தெரியும். பைபாஸில் வரிசையாகப் படக்கொட்டகைகள் நின்றன. சினிமாவுக்கு இல்லை. வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, திரையில் வருகிற படத்தைப் பார்த்து இது மரம், இது மாடு, இது அடிபட்ட மனுஷன் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். படத்துக்கு இத்தனை பைசா. லோகநாதனின் அக்கா மகன் மூன்று வருஷம் அங்கே இருந்தான். இப்போது சோற்றுத் தட்டைப் பார்த்தாலும் ஒரு நொடி தாமதித்து, மனதுக்குள் பெயர் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறான். மகளை அங்கே நினைத்துப் பார்க்க லோகநாதனால் முடியவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பூபதி மாதிரி ஆட்கள் கண்ணில் படுவார்கள். முன்பு பிளஸ் டூ டியூஷன் நடத்தியவர். பிள்ளைகளுக்கு மெஷினே பாடம் சொல்ல ஆரம்பித்த பிறகு, பெற்றவர்களுக்குக் கோச்சிங் கொடுக்கக் கிளம்பிவிட்டார். லைட்ஹவுஸ் கார்னர் டீக்கடையில் லோகநாதனை உட்கார வைத்து, டீக்கும் லோகநாதனையே காசு கொடுக்க வைத்துச் சொன்னார்.

“புள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கறது வேஸ்ட்டுங்க. பலகை கண்டுபுடிச்சுரும். புள்ளை சொல்றது உண்மையாவே இருக்கோணும். அப்பன்னா ஆகாதுன்னு அது மனசாரச் சொல்லோணும். அதுக்கு நீங்கதான் வேல செய்யோணும்.”

“நான் என்னங்க செய்யறது?”

“வெறுக்கற மாதிரி நடந்துக்கோணும்.”

லோகநாதன் டீயை வைத்துவிட்டார். பூபதி இதைப் பல முகங்களில் பார்த்தவர். அலட்டிக்கொள்ளாமல் மேலே பேசினார்.

“குடிக்க ஆரம்பிச்சராதீங்க. எல்லாரும் மொதல்ல அதைத்தான் செய்யறாங்க. குடிகார அப்பன்னா புள்ளைகளுக்குப் பாவமாப் போயிருது. அடிக்கவும் வேண்டாம். அடிச்சது ரெண்டு நாள்ல மறந்துருமுங்க. தெளிவா இருந்துக்கிட்டு அசிங்கப்படுத்தோணும். இது நடிப்புன்னு புள்ளைக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா பாசம் இன்னும் எச்சாயிரும், பொழப்பு போச்சு.”

“அப்பறம்? கடன் வந்தப்பறம்?”

“வந்தப்பறம் என்னுங்க. உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லி, ரெண்டு பேரும் ஒரு அழுகை அழுதுக்கோங்க. சிரிச்சுக்கிட்டே காலேஜுக்குப் பஸ் ஏத்தி விடுங்க. கம்பெனிக்கே இது தெரியாதுங்க.”

அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் லோகநாதன் பணம் கட்டினார்.

முதலில் ‘கண்ணு’ போனது. பிறந்ததிலிருந்து அவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணு, இல்லாவிட்டால் சாமி. ஒருநாள் காலையில் “ஏ, பிரணிதா” என்றார். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள், யாரோ தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து. அதைப் பார்த்ததும் ‘கண்ணு’ என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் விடவில்லை.

பிறகு ஜிமிக்கி. மனைவி போன பிறகு மகளுக்கென்று வைத்திருந்த ஒரே நகை. அதை விற்றுத் தனக்கு ஒரு புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்து, அவள் எதிரிலேயே அட்டைப் பெட்டியைப் பிரித்தார். அவள் சிநேகிதிகள் வந்திருந்தபோது, “இதுக்குப் படிப்பு ஒண்ணுதான் கேடு, ஒரு ரசம் வெக்கத் தெரியாது” என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிற விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போகாமல் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பையோடு வந்து நின்றாள். “இத எங்க வெக்கறது, எடத்த அடச்சுக்கிட்டு” என்றார்.

இவ்வளவுக்கும் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தினமும் சாயங்காலம் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து, அவர் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டாள். “வேலையில ஏதாச்சும் பிரச்சினைங்களாப்பா? எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். லோகநாதன் புதுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்துதான் கிடந்தது.

தேர்வு முடிந்தது. நாள் நெருங்கியது. பூபதியிடம் போய், “இன்னும் கால் கழுவுதுங்க” என்றார், ஏதோ வியாதி இறங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்கிற மாதிரி.

பூபதி யோசித்தார். “ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு இருக்குமுங்க. அப்பனுக்கு மட்டுந்தான் தெரியும், எங்க தொட்டா அந்தப் புள்ளை செத்துப்போகும்னு. அதை எடுங்க.”

அது என்ன என்று லோகநாதனுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் மனைவி டெங்குவில் போனவள். ஊருக்கெல்லாம் கொசுவலை பின்னுகிறவன் வீட்டில் டெங்கு என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். பிரணிதா அப்போது மூன்றாம் வகுப்பு. கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த நீல வலையில் கத்தரிக்கோலால் ஒரு துண்டை வெட்டியெடுத்து, பொம்மைக்குத் தாவணி கட்டியிருந்தாள். அம்மாவைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த பிறகு, அந்த ஓட்டையைக் காட்டி, “நான் வெட்டுன ஓட்ட வழியாத்தான் கொசு வந்துச்சுங்களாப்பா?” என்று கேட்டாள். லோகநாதன் அவளை வாரி எடுத்துக்கொண்டு சொன்னார், இல்லை சாமி, நீ வெட்டுகிறதுக்கு முன்னாடியே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று. அது சத்தியமான உண்மை. காய்ச்சலோடு படுத்திருந்தவள், பக்கத்தில் விளையாட ஆளில்லாத பிள்ளை வலையை வெட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள். பொம்மைக்கு அந்தத் தாவணியை ஊக்கு குத்திக் கட்டிவிட்டதே அவள்தான். அதைப் பார்த்தவர் லோகநாதன் ஒருவர்தான். பிள்ளைக்கு எது முன்னால் எது பின்னால் என்று ஞாபகம் இல்லை. அப்பா சொன்னதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது, லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“உங்கொம்மா இருந்திருந்தா எனக்கு இந்த கதி வந்திருக்காது.”

அவள் நிமிர்ந்தாள்.

“அன்னிக்கி நீ கேட்டப்ப, சின்னப் புள்ளையாச்சேன்னு பொய் சொன்னேன். நீ வலைய வெட்டுனப்பறந்தான் அவளுக்குக் காச்சலே வந்துச்சு. நீதான் அவளக் கொன்னுபோட்ட.”

வெந்நீரில் ஆவி அடங்கிப்போயிருந்தது. பிரணிதா அழவில்லை. கட்டின் கடைசிச் சுற்றைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள், வழக்கம்போல. அவர் காலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பேசினை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கட்டில் பக்கத்தில் பஞ்சு, மருந்து, கட்டுத்துணி எல்லாம் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தது. அவள் வரவில்லை. லோகநாதன் தானே குனிந்து கட்டிக்கொண்டார். தொப்பை இடித்தது. கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அவருக்கென்று ஒரு சொல் வரவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மூடி வைத்திருந்தது.

கண்ணாடிக் கட்டடத்துக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், தனித்தனியாக.

“வேலைக்குப் போனதும் அப்பாவுக்குப் பணம் கொடுப்பீங்களா?”

“இல்லீங்க.”

பச்சை.

“அவருக்கு உடம்பு முடியாமப் போனா?”

“வரமாட்டனுங்க.”

பச்சை.

“இறந்துட்டார்னா?”

பிரணிதா கொஞ்சம் யோசித்தாள். “லீவு இருந்தா வருவன்.”

அதற்கும் பச்சை. ஷர்மிளா திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். “வாழ்த்துகள்மா. கசிவு கிட்டத்தட்ட பூஜ்யம். பக்கத்து ரூம்ல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க.”

லோகநாதன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சந்தோஷந்தான். படக்கொட்டகை தப்பியது. ஆனால் அந்த மூன்றாவது பச்சை எரிந்தபோது, உள்ளுக்குள் ஏதோ கழன்று விழுந்ததும் நிஜம். பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். கீழே இறங்கி, படிக்கட்டிலேயே சொல்லிவிடுவது. முதலில் வலை விஷயம். அம்மா சிரித்ததை, ஊக்கு குத்தியதை, எல்லாம். ஜிமிக்கி அடுத்த வருஷம் வேறு வாங்கிவிடலாம். பேசவேண்டியதை அவர் பல நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

“இனி எல்லாம் முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார்.

“இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது சார்.”

“இந்த வருஷத்துக்குன்னா?”

“வருஷா வருஷம் ஜூன்ல வந்து பலகையில கை வைக்கணும். கடன் அடையற வரைக்கும். பதில் மாறினா மொத்தப் பணத்தையும் உடனே கட்டணும், படிப்பும் அதோட நின்னுடும். ஒப்பந்தத்துலயே இருக்கு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

பூபதிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? சொல்லியிருந்தால் எந்த மடையன் பணம் கட்டியிருப்பான்?

“அடைய எத்தன வருஷமாகுமுங்க?”

“பன்னெண்டு. நல்லா சம்பாதிச்சா கொஞ்சம் முன்னாடியே.”

லோகநாதன் தன் காலைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் அந்தக் கால் தாங்காது. அதை இந்த ஷர்மிளாதான் அன்றைக்கே சொன்னாளே.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஷர்மிளா தப்பாகப் புரிந்துகொண்டாள். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். “கவலைப்படாதீங்க சார். மாறாது. நானும் இந்தக் கடன்ல படிச்சவதான். எனக்கு எல்லா வருஷமும் பச்சை.”

“உங்கப்பா…”

“இல்லை. போன வருஷம் தவறிட்டார். எனக்கு ஆடிட் டைம், போகலை.” கணக்குச் சொல்கிற குரலிலேயே சொன்னாள். பிறகு, என்ன தோன்றியதோ, பேனாவை மூடி வைத்தாள். “உங்களைப் பாக்கறப்ப அவர் ஞாபகந்தான் வருது. சின்ன வயசுல என்னை சைக்கிள்ல முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு திண்டுக்கல் முழுக்கச் சுத்துவார். நான் பிளஸ் டூ வந்தப்ப திடீர்னு வேற ஆளா மாறிட்டார். என்ன கோபமோ. கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.”

லோகநாதன் வாயைத் திறந்தார்.

ஒரு வாக்கியம் போதும். உங்கப்பா மாறவில்லையம்மா என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடும். புரிந்தால், இவ்வளவு நேரம் எதிரில் உட்கார்ந்திருந்த இந்த ஆள் யார் என்பதும் புரிந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரணிதா குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள், கெட்டிக்காரப் பிள்ளை.

“சில பேரு அப்படித்தானுங்க” என்றார் லோகநாதன்.

“ஆமா” என்று ஷர்மிளா பேனாவைத் திறந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. பிரணிதா முன்னால் இறங்கினாள். லோகநாதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துவைத்து இறங்கினார். கட்டு நனைந்து செருப்பு வழுக்கியது. கடைசிப் படியில் அவள் நின்று திரும்பினாள். அவர் காலைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் தூக்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரோடு பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா. அந்த வலை விஷயம். அன்னிக்கி கோவத்துல சொன்னீங்களா, இல்ல நெசந்தானுங்களா?”

அப்பா என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கண்கள் அவர் முகத்தை விட்டு அசையவில்லை. மூன்றாம் வகுப்பில் அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு நின்ற அதே பார்வை. இல்லை சாமி என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த நிமிஷமே கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அடுத்த ஜூனில் பலகை சிவப்பாக எரியும்.

இங்கே, இந்தப் படிக்கட்டில், பலகை எதுவும் இல்லை.

“நெசந்தான்” என்றார் லோகநாதன்.